முதலீட்டின் வழியே தீவு நாட்டுக் குடியுரிமை: செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கான ஆவணங்களைச் சரிபார்த்து அடுக்கிக் கொடுப்பது என் தொழில். கரீபியன் தீவுகளில் பணம் கட்டிக் குடியுரிமை பெறுவதைப் பற்றி விசாரிப்பவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இத்தகைய திட்டத்தை இன்று நடப்பவற்றுள் முதலில் தொடங்கிய செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் நாட்டை மையமாக வைத்தே பதில்கள் அமைந்துள்ளன. மற்ற தீவுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வருகின்றன. டாலர் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க டாலர். கட்டணங்கள் 2024 அக்டோபரில் அந்நாடு செய்த மாற்றத்துக்குப் பிந்தையவை. இத்துறையில் விதிகள் அடிக்கடி மாறுவதால், பணம் அனுப்பும் முன் அந்நாட்டு அரசின் முதலீட்டுக் குடியுரிமைப் பிரிவு வெளியிட்டிருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்வது அவசியம்.

இந்த நாடு எங்கே இருக்கிறது? நிஜமாகவே தனி நாடுதானா, இல்லை வேறு நாட்டின் ஆட்சியில் இருக்கும் தீவா?

தனி நாடுதான். கிழக்குக் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் கிட்ஸ், நெவிஸ் என்னும் இரு தீவுகள் சேர்ந்த கூட்டாட்சி அது. மொத்தப் பரப்பு 261 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 50,000. தலைநகர் பஸ்டேர். 1983 செப்டம்பர் 19 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஐக்கிய நாடுகள் சபையிலும் காமன்வெல்த்திலும் உறுப்பு நாடு. பிரிட்டிஷ் மன்னர் பெயரளவில் நாட்டுத் தலைவராக இருந்தாலும் ஆட்சி நடத்துவது அங்கே தேர்ந்தெடுக்கப்படும் பிரதமரும் நாடாளுமன்றமும்தான்.

காசு வாங்கிக்கொண்டு குடியுரிமை கொடுப்பது சட்டப்படி சரியா? பின்வாசல் வேலை மாதிரித் தெரிகிறதே?

சட்டத்தில் எழுதி வைத்துச் செய்யப்படும் வேலைதான். விடுதலை பெற்ற மறு ஆண்டே, அதாவது 1984-இல், அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தில் நாட்டில் கணிசமாக முதலீடு செய்பவருக்குக் குடியுரிமை வழங்கலாம் என்ற பிரிவு இடம்பெற்றது. பல ஆண்டுகள் அது பெரிதாகப் பயன்படாமல் கிடந்தது. நூற்றாண்டுகளாக அந்தத் தீவைத் தாங்கி நின்ற சர்க்கரைத் தொழில் நட்டத்தில் விழுந்து 2005-இல் மூடப்பட்ட பிறகுதான் இத்திட்டம் உயிர்பெற்றது. 2006-இல், வேலை இழந்த கரும்புத் தொழிலாளர்களுக்கு உதவவும் பொருளாதாரத்தை வேறு தொழில்களுக்குத் திருப்பவும் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டு, அதற்குப் பணம் அளிப்பதும் குடியுரிமைக்கான ஒரு வழியாக்கப்பட்டது. இன்று அந்த இடத்தில் அரசின் நிலைத்த தீவு நாட்டுப் பங்களிப்பு நிதி இருக்கிறது.

யாரைக் குடிமகனாக ஏற்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் முடிவு செய்யலாம் என்பது பன்னாட்டுச் சட்டத்தில் பழைய கொள்கை. ஆனால் அப்படிக் கொடுத்த குடியுரிமையை மற்ற நாடுகள் எந்த அளவுக்கு மதிக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. இத்திட்டத்தின் சிக்கல்கள் பெரும்பாலும் அந்த இரண்டாம் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன என்பதைக் கீழே பல பதில்களில் காணலாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை மட்டும் கட்டினால் போதுமா?

போதாது. பங்களிப்பு நிதி வழியில் தனி ஒருவருக்கோ, நான்கு பேர் வரையுள்ள குடும்பத்துக்கோ அடிப்படைத் தொகை 2,50,000 டாலர். நால்வருக்கு மேல் சேர்க்கும் 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000, அதற்கு மேற்பட்டவருக்கு 50,000 டாலர் கூடும். இதற்கு வெளியே பின்புல விசாரணைக் கட்டணம் தனியாக உண்டு: முதன்மை விண்ணப்பதாரருக்கு 10,000, உடன் விண்ணப்பிக்கும் 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் 7,500. ஆளுக்கு 250 டாலர் விண்ணப்பக் கட்டணமும் சேரும்.

கணவன், மனைவி, பத்து வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், 2,50,000 + 10,000 + 7,500 + 1,000 ஆக 2,68,500 டாலர் அரசுக்கு மட்டும் போகிறது. முகவரின் ஊதியம், சான்றொப்பம், மொழிபெயர்ப்பு, ஆவணங்களை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை, வங்கிக் கட்டணம், கடவுச்சீட்டுக் கட்டணம் ஆகியவை இதற்கு மேல். இவற்றில் முகவரின் ஊதியம்தான் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். அதைத் தனி வரியாக எழுதித் தராத மதிப்பீட்டை ஏற்க வேண்டாம் என்பதே என் யோசனை. விசாரணைக் கட்டணம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் திரும்பி வராது. முதன்மைத் தொகையை விண்ணப்பிக்கும்போதே அரசிடம் கட்ட வேண்டியதில்லை. கொள்கை அளவிலான ஒப்புதல் வந்த பிறகே கட்ட வேண்டும்.

நன்கொடை கொடுத்தால் பணம் போனது போனதுதான். அதற்கு வீடு வாங்கிவிடுவது லாபம் இல்லையா?

ஏட்டில் லாபமாகத் தெரியும். அரசு ஒப்புதல் பெற்ற வளாகத்தில் குறைந்தது 3,25,000 டாலருக்கு வாங்கினால் தகுதி கிடைக்கும். தனி வீடு என்றால் 6,00,000 டாலர். ஏழு ஆண்டுகள் விற்கக் கூடாது. மேலே சொன்ன விசாரணைக் கட்டணமும், சொத்து வழிக்கே உரிய அரசுக் கட்டணங்களும் கூடுதலாக வரும்.

கவனிக்க வேண்டியது என்ன வாங்குகிறோம் என்பதைத்தான். இந்த விலைக்குப் பெரும்பாலும் கிடைப்பது முழு வீடு அன்று. கட்டி முடிந்த அல்லது இனிமேல் கட்டப்போகிற விடுதியில் ஒரு பங்கு. ஏழு ஆண்டு கழித்து அதை வாங்க வருபவர் யார்? உள்ளூர்க்காரர் அந்த விலைக்கு வாங்கமாட்டார். உங்களைப் போலவே குடியுரிமைக்காக வரும் இன்னொரு வெளிநாட்டவர்தான் வாங்க வேண்டும். அவருக்கோ புதிதாகக் கட்டப்படும் வளாகங்களில் பங்குகள் காத்திருக்கும். ஆகவே பழைய பங்கை விற்க விரும்புபவர் விலையை இறக்க நேரும். அங்கே உண்மையிலேயே சில மாதங்கள் தங்கப்போகிறவருக்கு வீடு வாங்குவது பொருந்தும். பணத்தைத் திரும்ப எடுக்கலாம் என்ற கணக்கை மட்டும் நம்பி இவ்வழியில் போவதை நான் ஊக்குவிப்பதில்லை.

பாதி விலைக்கே முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

கூடாது. இந்தத் தள்ளுபடி எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். குறைந்தபட்ச விலைக்குச் சொத்தை விற்றதாகக் கட்டுமான நிறுவனம் ஆவணத்தில் காட்டும். வாங்குபவரிடமிருந்து அதைவிடக் குறைந்த தொகையைப் பெற்றுக்கொள்ளும். மீதியைக் கடன் என்றோ, முகவர் தரகு என்றோ கணக்கில் சரிக்கட்டும். அரசின் கண்ணில் முழு முதலீடு நடந்ததுபோல் தோன்றும், உண்மையில் நடந்திருக்காது.

தீவுகள் ஒன்றையொன்று விலையில் முந்தப் போட்டியிட்டதும் இதற்கு இடம் கொடுத்தது. 2024 மார்ச்சில் செயின்ட் கிட்ஸ்–நெவிஸ், டொமினிக்கா, கிரெனடா, ஆன்டிகுவா–பார்புடா ஆகிய நான்கு நாடுகளும் 2,00,000 டாலருக்குக் கீழே யாரும் போவதில்லை என்றும் விண்ணப்பதாரர் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது என்றும் ஒப்பந்தம் செய்தன. செயின்ட் லூசியா பின்னர் இணைந்தது. எனவே இன்று அந்தத் தொகைக்குக் கீழே யாராவது பேரம் பேசினால், சட்டப்படியான விலையைப் பற்றி அவர் பேசவில்லை என்பது உறுதி. முழுத் தொகை கட்டாமல் பெற்ற குடியுரிமையை ரத்து செய்யும் நடவடிக்கையிலும் செயின்ட் கிட்ஸ் அரசு இறங்கியிருக்கிறது. அப்போது குடியுரிமையை இழப்பவர் நீங்கள்தான், தள்ளுபடி கொடுத்த முகவர் அல்லர்.

முகவர் எதற்கு? நானே நேராக அந்த அரசுக்கு விண்ணப்பம் அனுப்ப முடியாதா?

முடியாது. அரசு உரிமம் பெற்ற முகவர் வழியாக மட்டுமே விண்ணப்பம் ஏற்கப்படும். உங்கள் ஊரில் அலுவலகம் வைத்திருப்பவர் பெரும்பாலும் அந்த முகவருக்கு ஆள் பிடித்துத் தருபவராகவே இருப்பார். அதில் தவறில்லை, ஆனால் கோப்பில் கையெழுத்திடப்போகும் உரிமம் பெற்ற முகவர் யார் என்பதைக் கேட்டு, அப்பெயர் அரசின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் ஆலோசகரின் சொந்தக் கணக்குக்கு முதன்மைத் தொகையை அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? எதில் அதிகமாகத் தடங்கல் வருகிறது?

பிறப்புச் சான்று, திருமணச் சான்று, கடவுச்சீட்டு, மருத்துவச் சான்று, வசித்த நாடுகளின் காவல்துறைச் சான்று, வங்கிக் கணக்குப் பதிவுகள், பணம் வந்த வழிக்கான ஆதாரம் ஆகியவை அடிப்படை. ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும்.

தமிழர்களின் கோப்புகளில் முதல் தடங்கல் பெயர்தான். பிறப்புச் சான்றில் "முருகேசன்" என்று மட்டும் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால் நிற்கும். கடவுச்சீட்டிலோ தந்தை பெயர் குடும்பப்பெயர் கட்டத்தில் விரிந்திருக்கும். வங்கிக் கணக்கில் அதே முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். நமக்கு இது ஒரே ஆள். பஸ்டேரில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுபவருக்கு நான்கு ஆட்கள். மனைவியின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆவணத்தில் தந்தை பெயரும் இன்னொன்றில் கணவர் பெயரும் இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். எல்லா வடிவங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்னும் உறுதிமொழிப் பத்திரத்தை முதலிலேயே எடுத்து, எந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருக்கிறது என்பதைப் பட்டியலிட்டு இணைத்துவிட்டால் பல வாரக் கடிதப் போக்குவரத்து மிச்சமாகும்.

இரண்டாவது தடங்கல் பணம் வந்த வழி. கணக்கில் பணம் இருப்பதைக் காட்டினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது எப்படி வந்தது என்பதையே விசாரணை அதிகாரிகள் தேடுகிறார்கள். நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம், அந்தத் தொகை வங்கிக்கு வந்த பதிவு, அதற்குக் கட்டிய வரி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பத்திரத்தில் குறைத்துக் காட்டிவிட்டு மீதியைக் கையில் வாங்கியவர்களின் கோப்பு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு எந்த முகவரிடமும் மருந்து இல்லை.

எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாமா?

இல்லை. ஈரானியர்களுக்கு நீண்ட காலமாகவும், ரஷ்ய, பெலரூஸ் குடிமக்களுக்கு 2022 முதலும் கதவு மூடப்பட்டிருக்கிறது. இவ்விரண்டாம் தடை, 2023 பிப்ரவரியில் ஐந்து கரீபியன் நாடுகளும் அமெரிக்காவும் பேசி ஏற்ற ஆறு கொள்கைகளிலும் இடம்பெற்றது. அக்கொள்கைகளில் இன்னொன்றும் முக்கியமானது: ஒரு தீவில் நிராகரிக்கப்பட்டவரை மற்ற தீவுகளும் ஏற்கக் கூடாது. எனவே இங்கே கிடைக்காவிட்டால் பக்கத்துத் தீவில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய யோசனை இப்போது செல்லாது.

நேர்காணல் உண்டாமே? என்ன கேட்பார்கள்?

உண்டு, 2023 முதல் கட்டாயம், காணொளி வழியாகவும் நடத்தப்படுகிறது. உங்கள் தொழில் என்ன, பணம் எப்படி வந்தது, ஏன் இந்த நாடு, முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டதா போன்றவையே கேள்விகள். பெரும்பாலும் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியதையே உங்கள் வாயால் சொல்லச் சொல்வார்கள். முகவர் நிரப்பிய படிவத்தை ஒருமுறைகூடப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள்தான் இதில் தடுமாறுகிறார்கள்.

எனக்கு ஒருமுறை விசா மறுத்திருக்கிறார்கள். அதோடு வாய்ப்புப் போய்விட்டதா?

மறுத்த நாடு எது என்பதைப் பொறுத்தது. செயின்ட் கிட்ஸ் குடிமக்கள் விசா இல்லாமல் போகக்கூடிய ஒரு நாடு உங்களுக்கு விசா மறுத்திருந்து, அதன் பிறகு அதே நாட்டிடமிருந்து நீங்கள் விசா பெறாமலும் இருந்தால், விண்ணப்பம் தகுதி இழக்கும். காரணம் எளிது: தான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர் வேறொரு கடவுச்சீட்டோடு வாசலில் வந்து நிற்பதை எந்த நாடும் விரும்பாது. உதாரணமாக, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா மறுப்பு இந்த விதிக்குள் வரும். அமெரிக்காவுக்கு அந்தக் கடவுச்சீட்டிலும் விசா வேண்டும் என்பதால் அமெரிக்க மறுப்பு தானாகவே தகுதியைக் கெடுக்காது. ஆனால் அதையும் படிவத்தில் சொல்லியாக வேண்டும். மறுப்பைவிட மறைப்பதே கோப்பைக் கொல்லும்.

எத்தனை மாதத்தில் முடியும்? அங்கே போய்த் தங்க வேண்டுமா?

ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் சில மாதங்களில் முடிவு தெரியும். நாள் குறித்து உறுதி கொடுப்பவர் தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார். விசாரணை முடியும் வேகம் முகவரிடம் இல்லை.

தங்குவதைப் பொறுத்தவரை, இத்திட்டத்தின் பெரிய கவர்ச்சியே அங்கே கால் வைக்காமல் குடிமகனாகலாம் என்பதாக இருந்துவந்தது. அந்த நிலை மாறி வருகிறது. 2025-இல் ஐந்து நாடுகளும் ஒரு பொது ஒழுங்குமுறை ஆணையத்துக்காக உருவாக்கிய ஒப்பந்த வரைவில், குடியுரிமை பெற்றவர் முதல் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 நாள் அங்கே தங்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. இப்போது விண்ணப்பிக்கத் திட்டமிடுபவர் பயணச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இதை வாங்கினால் என் இப்போதைய குடியுரிமை என்ன ஆகும்?

செயின்ட் கிட்ஸ் உங்களிடம் எதையும் விடச் சொல்லாது. உங்கள் சொந்த நாடு என்ன சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 9-ஆம் பிரிவின்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறும் இந்தியர் அப்போதே இந்தியக் குடிமகன் என்ற நிலையை இழக்கிறார். கடவுச்சீட்டை ஒப்படைத்த பிறகு வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை என்று அழைக்கப்படும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது வாக்குரிமை தராது, விவசாய நிலம் வாங்கும் உரிமையும் தராது. எனவே இந்தியரைப் பொறுத்தவரை இது இரண்டாவது குடியுரிமை என்று விளம்பரப்படுத்தப்பட்டாலும் நடப்பது பண்டமாற்றுதான்.

சிங்கப்பூரும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கையில், முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற்றால் இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வழி உண்டு. அந்த அனுமதி இல்லாமல் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் முதலாவது போய்விடும். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் குடிமக்களாக ஏற்கெனவே மாறியிருக்கும் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவர்களிடம் இருக்கும் கடவுச்சீட்டு இதைவிட வலுவானது. எதற்காக வாங்குகிறார்கள் என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொந்த நாட்டுக்குத் தெரியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன?

இக்கேள்வி குரலைத் தாழ்த்தித்தான் கேட்கப்படுகிறது. இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாட்டவருக்கு முந்தைய பதிலின்படி முதல் குடியுரிமையே சட்டத்தின் பார்வையில் ஆபத்துக்குள்ளாகிறது. இந்தியர் விஷயத்தில் அது தானாகவே முடிந்துபோகிறது. அதற்குப் பின் அந்தப் பழைய கடவுச்சீட்டில் பயணம் செய்வது குற்றம். ஒரு நாட்டிலிருந்து ஒரு கடவுச்சீட்டில் கிளம்பி அடுத்த நாட்டில் வேறொன்றைக் காட்டும்போது, போய்ச்சேரும் நாட்டுக்கான விசா எங்கே என்று விமான நிலையத்திலேயே கேள்வி எழும். இதற்கு உதவுவதாகச் சொல்பவரிடம் நீங்கள் கொடுக்கும் தகவல் பின்னாளில் உங்களுக்கு எதிராகவே பயன்படக்கூடும்.

எத்தனை நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம்? அந்தப் பட்டியல் மாறாமல் இருக்குமா?

நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகலாம். ஷெங்கன் நாடுகள், சிங்கப்பூர், ஹாங்காங் ஆகியவை அவற்றுள் பலர் விரும்புபவை. ஆனால் விசா விலக்கைச் செயின்ட் கிட்ஸ் உங்களுக்கு விற்க முடியாது. அது மற்ற நாடுகள் செயின்ட் கிட்ஸுக்குக் கொடுத்திருக்கும் சலுகை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நீங்கள் பணம் கட்டுவது ஓர் அரசிடம். அந்தப் பணத்துக்கான பயனைத் தீர்மானிப்பவை வேறு அரசுகள்.

இது வெறும் அச்சம் அன்று. 2014 மே மாதம், செயின்ட் கிட்ஸ் கடவுச்சீட்டுகள் தடைகளை மீறிய நிதி நடவடிக்கைகளுக்குப் பயன்படுத்தப்படுவதாக அமெரிக்க நிதித்துறை எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் கனடா, செயின்ட் கிட்ஸ் குடிமக்களுக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தது. 2017-இல் ஆன்டிகுவாவுக்கும் அதையே செய்தது. 2023 ஜூலையில் பிரிட்டன், டொமினிக்காவுக்கும் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுக்கும் விசா விலக்கை நீக்கியது. முதலீட்டுக் குடியுரிமைத் திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்த இடம் கொடுத்தன என்பதே சொல்லப்பட்ட காரணம். வனுவாட்டுக்கான விசா விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் முதலில் நிறுத்திவைத்து, 2024 டிசம்பரில் முற்றிலும் நீக்கியது. 2025-இல் அந்த ஒன்றியம் தன் விதிகளைத் திருத்தி, நாட்டோடு உண்மையான தொடர்பு இல்லாதவர்களுக்குக் குடியுரிமை விற்பதையே விசா விலக்கை நிறுத்தப் போதுமான காரணமாகச் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா, ஆன்டிகுவா, டொமினிக்கா குடிமக்களுக்கு விசா கட்டுப்பாடுகளை அறிவித்தபோதும் குடியுரிமைத் திட்டமே காரணமாகக் காட்டப்பட்டது.

விசா விலக்கு போனாலும் நீங்கள் கட்டிய பணம் திரும்ப வராது. கனடா கதவை மூடியபோது செயின்ட் கிட்ஸில் பிறந்து வளர்ந்தவர்களும் சேர்ந்தே அந்தச் சலுகையை இழந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் தங்கி வேலை பார்க்கலாமா?

முடியாது. எந்த 180 நாட்களிலும் 90 நாள் வரை சுற்றுலாவுக்கோ வணிகச் சந்திப்புகளுக்கோ தங்கலாம். வேலை செய்யவும் குடியேறவும் தனி அனுமதி வேண்டும். வேலை உரிமையோடு கிடைத்துவந்தது மால்டாவின் குடியுரிமை. அது ஒன்றிய உறுப்பு நாடு என்பதால். குடியுரிமையை வணிகப் பொருளாக்குவது ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பளித்ததால் அந்த வழி அடைபட்டது. சைப்ரஸ் தன் திட்டத்தை 2020-லேயே நிறுத்திவிட்டது.

கிரெனடா வாங்கினால் அமெரிக்காவில் தொழில் தொடங்கலாம் என்கிறார்களே?

பாதி உண்மை. அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம் வைத்திருக்கும் நாட்டுக் குடிமக்கள் இ-2 முதலீட்டாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து கரீபியன் நாடுகளில் கிரெனடாவுக்கு மட்டும் அந்த ஒப்பந்தம் உண்டு. ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. முதலீட்டின் வழியாக அந்தக் குடியுரிமையைப் பெற்றவர், அந்நாட்டில் தொடர்ச்சியாகக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வசித்த பிறகே இ-2 கேட்கலாம். இந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் விடும் விளம்பரங்கள் இன்னும் கண்ணில் படுகின்றன.

இதை வாங்கிவிட்டால் வரி கட்ட வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

செயின்ட் கிட்ஸில் தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மை. அதனால் உங்கள் வரி குறையும் என்பது உண்மை அன்று. பெரும்பாலான நாடுகள் ஒருவர் எங்கே வசிக்கிறார், ஆண்டில் எத்தனை நாள் தங்குகிறார் என்பதை வைத்து வரி விதிக்கின்றன. குடியுரிமையை வைத்து வரி விதிக்கும் அமெரிக்கா போன்ற நாடுகள் மிகச் சில. பழைய ஊரிலேயே வசித்துக்கொண்டு கடவுச்சீட்டை மட்டும் மாற்றினால் வரிக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

வெளிநாட்டு வங்கியில் இந்தக் கடவுச்சீட்டைக் காட்டிக் கணக்குத் தொடங்கினாலும் வரிக்குரிய வசிப்பிடம் எது என்று தனிப் படிவத்தில் கேட்பார்கள். நாடுகளுக்கிடையே வங்கித் தகவல்கள் தானாகப் பரிமாறப்படும் ஏற்பாட்டைத் தவிர்க்க இத்திட்டங்கள் பயன்படுவதைக் கண்ட ஓஇசிடி என்னும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு, 2018-இல் ஆபத்து மிகுந்த திட்டங்களின் பட்டியலை வெளியிட்டது. அதன் பிறகு வங்கிகள் இத்தகைய கடவுச்சீட்டைக் கண்டால் கூடுதலாகவே கேள்வி கேட்கின்றன.

பாஸ்போர்ட்டைப் பார்த்தால் காசு கொடுத்து வாங்கியது என்று தெரிந்துவிடுமா?

அப்படி எழுதியிருக்காது, ஆனால் பிறந்த ஊர் இருக்கும். ஒரு காலத்தில் பிறந்த இடத்தைக் குறிப்பிடாமலே செயின்ட் கிட்ஸ் கடவுச்சீட்டுகளை அச்சிட்டது. 2014-இல் கனடாவின் முடிவுக்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2012 முதல் 2014 வரை வழங்கப்பட்டவை திரும்பப் பெறப்பட்டுப் புதியவை கொடுக்கப்பட்டன. பிறந்த இடம் ஆசிய நகரமாகவும் குடியுரிமை கரீபியன் தீவாகவும் இருந்தால், குடிநுழைவு அதிகாரிக்கு மற்றதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒருமுறை கொடுத்த குடியுரிமையைப் பின்னால் பறிக்க முடியுமா?

முடியும். பொய்த் தகவல் கொடுத்தது, முக்கிய உண்மையை மறைத்தது, கடுமையான குற்றத்தில் தண்டிக்கப்பட்டது, உரிய தொகையைச் செலுத்தாதது ஆகியவை காரணங்களாகலாம். தள்ளுபடிக் கேள்விக்கும் விசா மறுப்புக் கேள்விக்கும் சொன்ன பதில்கள் இங்கே முழுப் பொருளைப் பெறுகின்றன: முகவர் கோப்பில் செய்த பொய்க்கும் பொறுப்பு உங்கள் பெயரிலேயே வரும். இந்தியக் குடியுரிமையை இதற்காக இழந்த ஒருவரிடமிருந்து இதுவும் பறிக்கப்பட்டால் அவர் எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லாமல் நிற்க நேரிடும்.

சொத்து வாங்கியவர்கள் இதையொட்டி, ஏழு ஆண்டுக்குப் பின் விற்றால் குடியுரிமை போகுமா என்று கேட்கிறார்கள். போகாது. ஏழு ஆண்டுக்கு முன் விற்பதுதான் சிக்கல்.

அப்படியானால் இது யாருக்குத்தான் பயன்படும்?

பயணத்துக்கு அடிக்கடி தடை வரும் நாட்டின் கடவுச்சீட்டோடு பல நாடுகளில் தொழில் செய்பவர், உள்நாட்டுப் போரோ அரசியல் நெருக்கடியோ வந்தால் குடும்பத்தோடு கிளம்ப ஓர் இடம் வேண்டும் என்று எண்ணுபவர், இரட்டைக் குடியுரிமையை ஏற்கும் நாட்டைச் சேர்ந்தவர் ஆகியோருக்குப் பொருந்தலாம். கட்டும் தொகை அவர்களுடைய சொத்தில் சிறு பகுதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டை அடகு வைத்து, பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு என்று சொல்லி வருபவர்களிடம் நான் வேறு வழிகளைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் படிக்கப்போகும் நாட்டிலேயே முறையாகத் தங்கிக் குடியுரிமை பெறுவது மெதுவானது, ஆனால் அந்த நாட்டில் வாழும் உரிமையையும் சேர்த்துத் தருவது.

வெளிநாட்டில் வழக்கிலோ கைதிலோ மாட்டிக்கொண்டால் அந்த நாடு எனக்காகப் பேசுமா?

மிகச் சில தலைநகரங்களில் மட்டுமே செயின்ட் கிட்ஸுக்குத் தூதரகம் இருக்கிறது. தூதரகம் இல்லாத, காமன்வெல்த்தைச் சேராத நாடுகளில் பிரிட்டிஷ் தூதரகத்தை அணுகி அடிப்படை உதவி கேட்கலாம். நீங்கள் இன்னும் குடிமகனாக இருக்கும் சொந்த நாட்டுக்குள்ளேயே சிக்கல் வந்தால், அந்நாட்டுக்கு எதிராக இன்னொரு நாடு உங்களுக்காகப் பேச முடியாது என்பது 1930-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்ட கொள்கை.

மூன்றாம் நாடு என்றாலும் உறுதி இல்லை. இதற்கு நொட்டேபாம் வழக்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படும். ஜெர்மனியில் பிறந்து 1905 முதல் குவாத்தமாலாவில் வாழ்ந்து தொழில் செய்த நொட்டேபாம், 1939-இல் உலகப்போர் தொடங்கியதும் லீக்டென்ஸ்டைன் என்னும் சிறிய ஐரோப்பிய நாட்டுக்குக் கட்டணங்கள் செலுத்தி, வசிப்பிட நிபந்தனையிலிருந்தும் விலக்குப் பெற்று அதன் குடிமகனானார். குவாத்தமாலா அவரை எதிரி நாட்டவராகவே நடத்தி, சொத்துகளைப் பறிமுதல் செய்தது. லீக்டென்ஸ்டைன் அவருக்காகப் பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1955 ஏப்ரல் 6 அன்று வந்த தீர்ப்பில், அவருக்கும் லீக்டென்ஸ்டைனுக்கும் உண்மையான பிணைப்பு இல்லாததால் அந்தக் குடியுரிமையை ஏற்கும் கடமை குவாத்தமாலாவுக்கு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சட்ட அறிஞர்கள் பலர் குறை கூறியிருக்கிறார்கள். ஆனாலும் 30 நாள் தங்க வேண்டும் என்ற புதிய விதிக்கும் ஐரோப்பிய ஒன்றியம் கேட்கும் "உண்மையான தொடர்பு" என்ற நிபந்தனைக்கும் பின்னால் இருப்பது அதே தர்க்கம்தான். உங்கள் கோப்பை முகவரிடம் கொடுக்கும் முன், அந்த நாட்டோடு உங்களுக்கு இருக்கும் தொடர்பு என்ன என்று ஓர் அயல்நாட்டு நீதிபதி கேட்டால் காட்ட உங்களிடம் என்ன இருக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.